நீதியும் நியாயமும்: தமிழ்ப் பிரசங்கபீடத்தின் முந்நூறு ஆண்டுகள்

லுத்தரன், ஆங்கிலிக்கன், லண்டன் மிஷன், அமெரிக்க மிஷன் ஆகியவற்றின் வழிவந்த தமிழ்ச் சபைகளின் பிரசங்கபீடத்தில், 'கிருபை', 'இரட்சிப்பு' என்பவற்றுக்கு அடுத்தபடியாக மிகுதியாக ஒலித்த சொற்களுள் ஒன்று 'நீதி'. அது அங்கு வந்து சேர்ந்த வழியைப் பார்த்தால், ஒரே சொல் இரண்டு பெரும் பொருள்களைத் தலையில் சுமந்து வந்திருப்பது தெரியும். எபிரேய வேதத்தின் 'செதாகா'வும் கிரேக்கப் புதிய ஏற்பாட்டின் 'டிக்காயோசுனே'யும், கடவுளுக்கு முன் ஒருவன் குற்றமற்றவனாக நிற்கும் நிலையையும், மனிதருக்கிடையே முறை தவறாமல் நடக்கும் நடப்பையும் ஒருங்கே குறிக்கும் சொற்களாகும். 1871-இல் முழுமையாக வெளிவந்து இன்றுவரை பெரும்பாலான சபைகளில் வாசிக்கப்படும், ஹென்றி பவர் தலைமையில் உருவான தமிழ் வேதாகமத்தில் இவ்விரண்டுக்கும் 'நீதி' என்பதே நின்றது. 'நீதிமான்', 'நீதிமானாக்கப்படுதல்' என்னும் தொடர்களும் அச்சொல்லிலிருந்தே கிளைத்தன. பின்னது, மனிதன் தன் செயலால் அன்றி விசுவாசத்தினாலேயே கடவுளால் குற்றமற்றவனாக ஏற்கப்படுகிறான் என்னும் லுத்தரின் மூலக் கோட்பாட்டைத் தமிழில் சொல்வதற்கு உருவான கலைச்சொல்.

வழக்கைத் தீர்த்தல், எளியவனுக்கு உரியதை வாங்கிக் கொடுத்தல் என்னும் பொருளுடைய எபிரேய 'மிஷ்பாத்' பெரும்பாலும் 'நியாயம்' ஆயிற்று. ஆனால் அச்சொல்லுக்குச் சபைக்குள் வேறொரு நிழலும் விழுந்தது. மோசேயின் சட்டம் 'நியாயப்பிரமாணம்' எனவும், உலகின் முடிவில் நிகழும் விசாரணை 'நியாயத்தீர்ப்பு' எனவும் பெயர் பெற்றதால், நியாயம் என்றதும் கேட்போர் நெஞ்சில் எழுந்தது ஊர்ப் பண்ணையார் தர மறுத்த கூலியன்று, இறுதி நாளின் அச்சமே. ஆமோஸ் தீர்க்கதரிசி இவ்விரு சொற்களையும் இணைத்து, ஒன்றைப் பெருகிவரும் தண்ணீருக்கும் மற்றொன்றை வற்றாத ஆற்றுக்கும் ஒப்பிட்ட பகுதி, தேரிக்காட்டுச் செம்மணலில் பனையேறி வாழ்ந்து, தாமிரபரணியைத் தொலைவிலிருந்து மட்டுமே அறிந்த சபையாருக்குப் பிற உரைகளைவிட எளிதில் விளங்கியிருக்கக் கூடியதே. எனினும் பிரசங்கபீடம் நெடுங்காலம் நின்று பேசியது ஆமோஸின் மேலன்று, பவுல் ரோமருக்கு எழுதிய நிருபத்தின் மேல். கடவுள் அருளும் நீதியைப் பீடம் விளக்கிக்கொண்டிருந்த காலத்தில், மனிதருக்கிடையேயான நியாயத்தைக் கேட்டவர்கள் பெரும்பாலும் கீழே தரையில் அமர்ந்திருந்தவர்களே என்பதுதான் இவ்வரலாற்றின் பொதுப் போக்கு.

தொடக்கம் அப்படி இருந்தே ஆகவேண்டும் என்பதில்லை. டென்மார்க் அரசர் நான்காம் பிரெடெரிக் அனுப்பி, 1706 ஜூலை மாதம் தரங்கம்பாடியில் வந்திறங்கிய பர்த்தலோமேயு சீகன்பால்கு, ஊராருடைய நீதி நூல்களைப் பயில்வதையே தம் முதல் பணிகளுள் ஒன்றாகக் கொண்டார். 'நீதி வெண்பா', 'கொன்றை வேந்தன்', 'உலக நீதி' ஆகிய மூன்றையும் அவர் 1708-இல் ஜெர்மன் மொழியில் பெயர்த்தார். திண்ணைப் பள்ளிச் சிறுவன் மனப்பாடம் செய்த அந்நூல்களில் நீதி என்பது ஒழுக்கம், நடத்தை, செய்யத்தக்கது என்னும் பொருளில் வழங்கியது. அது மனிதன் முயன்று கடைப்பிடிப்பது. சீகன்பால்கு கொண்டுவந்த இறையியலிலோ நீதி என்பது மனிதனால் ஈட்ட முடியாதது, பெற்றுக்கொள்ள மட்டுமே கூடியது. தமிழர் நல்லொழுக்கத்தை நன்கு அறிந்தவர்கள் என்று மதித்த அவரே, அவ்வொழுக்கம் மீட்புக்குப் போதாது என்றும் போதிக்க வேண்டியிருந்தது. தமிழ்ப் புரோட்டஸ்டண்டு பிரசங்கத்தின் முதல் இறுக்கம் இந்த ஒரே சொல்லின் இரு வாழ்வுக்குள்ளேயே பிறந்தது எனலாம்.

அவருடைய வாழ்வில் நீதி இன்னொரு வழியிலும் குறுக்கிட்டது. இறந்துபோன ஒரு நாவிதருக்கும், டேனிஷ் கம்பெனியில் மொழிபெயர்ப்பாளராக இருந்த கத்தோலிக்கர் ஒருவருக்கும் இடையிலான கடன் வழக்கில், நாவிதரின் கைம்பெண் பக்கம் நின்று சீகன்பால்கு மீண்டும் மீண்டும் தலையிட்டார். டேனியர்களின் கோவிலில் கோட்டைத் தலைவர் ஹாசியுஸின் முன் மண்டியிட்டு முறையிடுமாறு அவளுக்கு அறிவுரையும் சொன்னார். இதனைத் தம் அதிகாரத்தில் தலையீடு என்று கருதிய ஹாசியுஸ் அவரை விசாரணைக்கு அழைத்தபோது, எழுத்து மூலமான ஆணை வேண்டும் என்று அவர் தயங்க, கைது செய்யப்பட்டு 1708-இன் இறுதியிலிருந்து நான்கு மாதங்களுக்குச் சற்று மேலாகச் சிறையில் வைக்கப்பட்டார். மிஷன் வரலாறுகள் இச்சிறைவாசத்தைப் பெரும்பாலும் சுவிசேஷத்துக்கு நேர்ந்த துன்பமாகவே எழுதிச் செல்கின்றன. அது உண்மையில் ஒரு கடன் வழக்கில் ஏழைப் பெண் ஒருத்திக்காகப் பேசியதன் விலை என்பது அவ்வெழுத்தில் ஓரமாக ஒதுங்கிவிடுகிறது.

1718-இல் திறக்கப்பட்ட தரங்கம்பாடியின் புதிய எருசலேம் ஆலயத்திலும், அதன் வழிவந்த பிற சபைகளிலும், வேளாளர் முதலிய சாதியினரும் பறையரும் தனித்தனியே அமர்ந்தனர். திருவிருந்து பெறுவதிலும், அதாவது அப்பமும் திராட்சரசமும் பகிரும் சடங்கிலும், முன்பின் வரிசை கடைப்பிடிக்கப்பட்டது. இப்பிரிவினை பீடத்தையும் தொட்ட தருணம் 1741-இல் வந்தது. தமிழரில் முதல் லுத்தரன் போதகராக, கடலூர் வேளாளர் குடும்பத்தைச் சேர்ந்த ஆரோன் 1733-இலேயே அபிஷேகம் பெற்றிருந்தார். அடுத்து ஒருவரைத் தேர்ந்தெடுக்க நேர்ந்தபோது, தஞ்சைப் பகுதியில் நீண்ட காலம் உழைத்த இராஜநாயக்கன் என்னும் உபதேசியார் தகுதியால் முன்னின்றார். உபதேசியார் என்பவர் அபிஷேகம் பெறாமல் சபைக்குப் போதிப்பவர். ஆனால் அவர் பறையர் என்பதால், அவர் கையால் வழங்கப்பட்டால் உயர்சாதியினர் திருவிருந்தையே மதிக்காமல் போகக்கூடும் என்று மிஷனரிகள் தயங்கி, தியோகு என்பவரை அபிஷேகம் செய்தனர். நீதியைக் கொடையாகப் போதித்த பீடத்தில் ஏறி நிற்கும் உரிமையே சாதியால் அளக்கப்பட்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேட வேண்டியதில்லை.

இவ்வேற்பாடு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு நீடித்தது. 1798-இல் மறைந்த தஞ்சை மிஷனரி சுவார்ட்ஸ் காலத்தில், சாதி மெல்ல மெல்லத் தேயும் என்ற நம்பிக்கையோடு அதனைப் பொறுத்துக்கொள்ளும் போக்கே நிலவியது. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த இளைய மிஷனரிகள் அப்பொறுமையைப் பாவத்தோடு செய்துகொண்ட உடன்பாடு என்று கருதினர். அவர்களுக்கு எதிராக எழுந்த குரல், சுவார்ட்ஸின் மாணவரும் சரபோஜி அரசவையில் மதிப்புப் பெற்றவருமான கவிஞர் வேதநாயக சாஸ்திரியாருடையது. 1774 முதல் 1864 வரை வாழ்ந்த அவர், தம் எழுத்துகளில் புதிய மிஷனரிகளின் கொடுமைகள் என நான்கைச் சுட்டினார்: பழகிய வேத மொழிபெயர்ப்பை மாற்றுவது, திருவிருந்தில் சாதிகளைக் கலப்பது, பண்டிகைகளிலிருந்து மலர்மாலைகளை அகற்றுவது, கீர்த்தனைகளைக் கோவிலில் பாடவிடாதது.

இந்நான்கும் ஒரே பட்டியலில் நிற்பது கவனத்துக்குரியது. சாதியைக் காக்க முனைந்த அதே எழுத்து, தமிழ் இசையையும் தமிழ்ப் பழக்கத்தையும் வெள்ளையரின் சுவையிலிருந்து காக்கவும் முனைந்தது. சாதியை ஒழிக்க முனைந்த அதே அதிகாரம், பூவையும் பாட்டையும் ஒழிக்கவும் முனைந்தது. ஆகவே இம்மோதலில் நியாயம் முழுவதும் ஒரு பக்கமே நின்றது என்று எழுதுவது எளிது, ஆனால் சரியன்று. சாஸ்திரியாருக்குத் தம் மேல் இழைக்கப்பட்ட அநியாயம் துல்லியமாகத் தெரிந்தது; தம் பாயிலிருந்து விலகி அமர்ந்திருந்தவர் மேல் இழைக்கப்பட்டது தெரியவில்லை.

1833 ஜூலையில் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் விடுத்த சுற்றுக்கடிதம் இவ்விவாதத்தை ஆணையாக மாற்றியது. சபைக்குள் சாதி வேற்றுமை தயக்கமின்றி, உடனே, இனித் தலைதூக்காதவாறு கைவிடப்பட வேண்டும் என்றும், அமர்வதிலும் திருவிருந்திலும் அதன் அடையாளம் இருக்கலாகாது என்றும் அது கட்டளையிட்டது. வேப்பேரியிலும் தஞ்சையிலும் அது வாசிக்கப்பட்டபோது பெருந்தொகையானோர் சபையை விட்டு விலகினர். 1835-இன் தொடக்கத்தில் வில்சன் தாமே தெற்கே வந்து தஞ்சையில் போதித்தும், விலகியவர்களில் ஒரு பகுதியினரே திரும்பினர். பின்னர் தரங்கம்பாடி மிஷனை ஏற்ற லைப்சிக் லுத்தரன் மிஷன், சாதியைப் பெரிதும் சமுதாய வழக்கமாகக் கருதிப் பொறுத்துக்கொண்டதால், அதிருப்தியடைந்தவர்கள் பலர் அங்கே புகலிடம் கண்டனர். ஒரே வேதத்தை ஒரே மொழியில் வாசித்த இரு சபைகள், அடுத்தடுத்த தெருக்களில், சாதி பாவமா வழக்கமா என்பதில் எதிரெதிராகப் போதித்த காலம் அது. மதுரையின் அமெரிக்க மிஷன் பேச்சோடு நிற்காமல், 1847-இல் ஒரு சோதனையை முன்வைத்தது: மிஷன் ஊழியர்கள், தாழ்த்தப்பட்ட சாதியார் சமைத்த உணவை எல்லாருடனும் ஒரே பந்தியில் உண்ண வேண்டும். 'அன்பின் விருந்து' என அழைக்கப்பட்ட அப்பந்தியில் அமர மறுத்த உபதேசியார்கள் பலர் வேலையிழந்தனர். பிரசங்கத்தால் ஆகாதது இலையில் ஆகுமா என்று பார்த்த முயற்சி அது.

தென் திருவிதாங்கூரில் கதை வேறு வகையில் நடந்தது; அங்கு எதிர்நின்றது சபையின் உள்வழக்கம் அன்று, அரசும் அதன் ஆதிக்க சாதிகளும். மயிலாடியில் மகாராசன் வேதமாணிக்கத்தின் அழைப்பால் ரிங்கல்தௌபே தொடங்கிய லண்டன் மிஷன் பணி, சார்லஸ் மீடு காலத்தில் நாகர்கோவிலைச் சுற்றிப் பரவியது. சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் நாடார்களும் அவர்களினும் ஒடுக்கப்பட்டவர்களும் ஆவர். அவர்கள்மேல் 'ஊழியம்' விதிக்கப்பட்டிருந்தது. அது கூலியின்றிச் செய்ய வேண்டிய கட்டாய வேலை, ஞாயிற்றுக்கிழமையும் அதற்கு விலக்கன்று. கிறிஸ்தவர்களுக்கு ஞாயிறு ஊழியம் இல்லை என்னும் சலுகை பிரிட்டிஷ் ரெசிடெண்ட் மன்றோ காலத்தில் கேட்டுப் பெறப்பட்டது. பிரசங்கம் கேட்பதற்கான அந்த ஒரு மணி நேரமே ஒரு நியாயக் கோரிக்கையால் கிடைத்தது என்பதும், கட்டாய வேலையைக் குறித்த அதே சொல் பின்னாளில் தமிழ்ச் சபையெங்கும் தேவனுக்குச் செய்யும் விருப்பப் பணியின் பெயராக, போதகரை 'ஊழியர்' என்று அழைக்கும் அளவுக்கு, நிலைபெற்றதும் சொல் வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று.

தோள்சீலைப் போராட்டத்தில் பீடத்துக்கும் தரைக்கும் இடையிலான இடைவெளி மேலும் தெளிவாகிறது. தாழ்ந்தவராக வைக்கப்பட்ட சாதிப் பெண்கள் மார்பை மறைக்கலாகாது என்ற வழக்கத்தை மிஷனரிகள் எதிர்த்தது முதன்மையாக மானம், அடக்கம் என்னும் அறங்களின் பேரால். அதற்காக மிஷனரிக் குடும்பத்துப் பெண்கள் 'குப்பாயம்' என்னும் தளர்ந்த சட்டையை வடிவமைத்துத் தந்தனர். அப்பெண்களோ குப்பாயத்தோடு நில்லாமல், அதன் மேல் உயர்சாதிப் பெண்கள் அணிவது போன்ற தோள்சீலையையும் அணிந்தனர். உடலை மறைக்கக் குப்பாயம் போதும். சமமாக நிற்பதற்குத்தான் தோள்சீலை வேண்டும். 1822-இலும், 1820களின் இறுதியிலும், 1858-59-இலும் சந்தைகளில் பெண்களின் ஆடை கிழிக்கப்பட்டும், கோவில்களும் பள்ளிகளும் எரிக்கப்பட்டும் கலவரங்கள் மூண்டதற்குக் காரணம் குப்பாயமன்று, இந்தத் துணியே. 1859 ஜூலையில் திருவிதாங்கூர் அரசு விடுத்த அறிவிப்புகூட, நாடார் பெண்கள் எல்லாரும் சட்டை அணியலாம், ஆனால் உயர்சாதிப் பெண்களைப் போல் உடுத்தலாகாது என்று வரம்பிட்டது. அரசுக்குப் புரிந்திருந்த வேறுபாடு, அடக்கத்தைப் போதித்தவர்களுக்கு அவ்வளவு தெளிவாகப் புரிந்ததாகத் தெரியவில்லை.

திருநெல்வேலியில் நியாயம் நிலத்தின் வடிவத்தை எடுத்தது. மதம் மாறியதால் ஊரில் தாக்கப்பட்டவர்களுக்கென 1799-இல் தாவீது சுந்தரானந்தம் என்னும் உபதேசியார் உருவாக்கிய முதலூரும், 1820-இல் பாளையங்கோட்டைக்கு வந்த மிஷனரி ரேனியுஸ் காலத்தில் எழுந்த குடியிருப்புகளும் அடைக்கல ஊர்கள். அவற்றுக்கு நிலம் வாங்குவதற்காகவே 1830-இல் 'தர்ம சங்கம்' தொடங்கப்பட்டது. ரேனியுஸ் தம் செமினரி மாணவர்கள் சாதி வேறுபாடின்றி ஒன்றாக உண்டு உறங்க வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தார். ஆனால் நீதி கேட்கும் கேள்வி மிஷனரிகளை நோக்கியே திரும்பிய நிகழ்வும் இம்மாவட்டத்தில்தான். நாசரேத்தில் உபதேசியாராக இருந்து நீக்கப்பட்ட அருமைநாயகம் சட்டாம்பிள்ளை, மிஷனரி கால்டுவெல் 1849-இல் நாடார்களைப் பற்றி எழுதிய ஆங்கில நூலின் இழிவான சித்திரிப்பை வன்மையாக எதிர்த்து, 1857-இல் ஐரோப்பியர் கட்டுப்பாடற்ற தனிச் சபை ஒன்றை நிறுவினார். பழைய ஏற்பாட்டை நேரே வாசித்து, சனிக்கிழமை ஓய்வுநாள் முதலான யூத வழக்கங்களைக் கைக்கொண்ட அச்சபை, வேதத்தைத் தந்தவர்களுக்கு எதிராக அவ்வேதத்தையே சாட்சிக்கு அழைத்தது. பவுலை விளக்கிக்கொண்டிருந்த பீடம் புறக்கணித்த பாதி வேதத்தைக் கையிலெடுத்தவர் பீடத்திலிருந்து இறக்கப்பட்டவர் என்பது தற்செயல் அன்று.

1860-இல் தொடங்கிய எழுப்புதல் இயக்கங்களும், பிற்காலக் கன்வென்ஷன் கூட்டங்களும் பரிசுத்த வாழ்வையும் மனந்திரும்புதலையும் பேசின; அவற்றில் நீதி மீண்டும் தனிமனிதனின் உள்ளத்துக்குள் புகுந்தது. மது, சூது, பொய் ஆகியவை கண்டிக்கப்பட்டன. கூலியும் வட்டியும் அரிதாகவே கண்டிக்கப்பட்டன. 20-ஆம் நூற்றாண்டின் முதற்பகுதியில் சமத்துவக் கேள்வி சாதியைவிட நிறத்தைச் சுற்றியே எழுந்தது. வெள்ளாளன்விளையில் பிறந்து, 1912-இல் முதல் இந்திய ஆங்கிலிக்கன் பேராயரான வே. ச. அசரியா, 1910-இல் எடின்பரோ உலக மிஷனரி மாநாட்டில் மிஷனரிகளின் தியாகத்துக்கு நன்றி கூறி, அவர்களிடமிருந்து இன்னும் கிடைக்காத நட்பைக் கேட்ட உரை, அக்கேள்வியை எழுப்பிய குரல்களுள் புகழ்பெற்றது.

விடுதலைக்குப் பின் வந்த ஒரு சட்ட ஆவணம், எந்தப் பிரசங்கத்தைக் காட்டிலும் நீதி என்ற சொல்லின் பொருளை மாற்றியது. 1950-இன் குடியரசுத் தலைவர் ஆணை, பட்டியல் சாதித் தகுதியை இந்துக்களுக்கு மட்டும் என வரையறுத்தது. பின்னர் 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர், கிறிஸ்தவர் சேர்க்கப்படவில்லை. மதம் மாறினால் சாதி ஒழிந்துவிடும் என்பது அதன் அடிப்படை. அதனை மறுத்து நியாயம் கேட்க வேண்டிய சபை, தனக்குள் சாதி உண்டு என்று பொதுவில் ஒப்புக்கொண்டால்தான் வாதாட முடியும் என்ற நிலை பிறந்தது. சென்னையைச் சேர்ந்த கிறிஸ்தவச் செருப்புத் தொழிலாளி ஒருவர் தொடுத்த வழக்கில் 1985-இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், மதம் மாறிய பின்னும் அதே கொடுமை அதே அளவில் தொடர்கிறது என்பதற்குப் போதிய சான்று வைக்கப்படவில்லை என்றது. இருநூறு ஆண்டுகளாகத் தனித்தனிப் பாய்களில் அமர்ந்த சபைகளுக்குச் சான்று போதவில்லை என்ற தீர்ப்பு வந்ததன் பழி முழுவதும் நீதிமன்றத்துக்கு உரியதன்று.

இச்சூழலில்தான் தலித் இறையியல் உருவாயிற்று. ஒடுக்கப்பட்டோரின் அனுபவத்திலிருந்து வேதத்தை வாசிப்பது அதன் முறை. 1981-இல் பெங்களூரில் அர்விந்த் நிர்மல் ஆற்றிய உரை அதற்கு வித்திட்டது. பின்னர் சென்னைக் கீழ்ப்பாக்கத்தின் குருகுல் லுத்தரன் இறையியல் கல்லூரி அதற்கு ஒரு துறையே அமைத்தது. தமிழ்ப் பீடத்தைப் பொறுத்தமட்டில் மதுரை அரசரடியில் உள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியின் பங்கே பெரிது. அங்குக் கற்பித்த தியோபிலஸ் அப்பாவு, 'பறட்டை' என்னும் பெயரில் அறியப்பட்டவர், கிராமத்து மெட்டிலும் பேச்சு வழக்கிலும் பாடல்களையும் வழிபாட்டு முறைகளையும் இயற்றி, சாவு வீட்டோடு பிணைத்து இழிவாக ஒதுக்கப்பட்ட பறையை ஆலயத்துக்குள் கொண்டுவந்தார். அவருடைய போதனையின் மையம் 'ஒரு உலை': எல்லார் அரிசியும் ஒரே பானையில் வெந்து, எல்லாரும் அதிலிருந்து உண்பது. 1741-இல் திருவிருந்துக் கிண்ணத்தையும் 1847-இல் பந்தியையும் சுற்றி நடந்ததை அறிந்தவர்க்கு, அவர் அடுப்படியிலிருந்து உவமை எடுத்ததன் கூர்மை புரியும். வேதநாயக சாஸ்திரியார் காக்க நினைத்த தமிழ் இசையும், வில்சன் ஆணையிட்ட சமபந்தியும் ஒருவரிடமே சேர்ந்தது அங்குதான்.

1995-இல் கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையினரும் இணைந்து வெளியிட்ட பொது மொழிபெயர்ப்பான 'திருவிவிலியம்', பழைய ஒற்றைச் சொல்லைப் பிரித்துவிட்டது. ரோமருக்கு எழுதிய நிருபத்தில் நீதிமானாக்கப்படுதல் இருந்த இடங்களில் 'ஏற்புடைமை' என்னும் சொல் வந்தது. மலைப்பொழிவில் நீதியின்மேல் பசியும் தாகமும் கொண்டவர் என்றிருந்தவர், நீதியை நிலைநாட்டும் வேட்கை கொண்டவராக மாறினார். பசி என்பது பெறக் காத்திருப்பவனின் நிலை. நிலைநாட்டல் செய்பவனின் வினை. சமூக நீதி என்னும் தொடர் தமிழக அரசியலில் ஊறிய காலத்தில் இம்மாற்றம் இயல்பாகவே ஒலித்தது. ஆயினும் தென்னிந்தியத் திருச்சபையிலும் லுத்தரன் சபைகளிலும் ஞாயிறு ஆராதனையில் திறக்கப்படுவது பெரும்பாலும் பழைய வேதாகமமே. புதிய பெயர்ப்பைப் போதகர் பிரசங்கம் தயாரிக்கும்போது வீட்டு மேசையில் ஒப்பிட்டுப் பார்க்கிறார். பீடத்தில் ஏறியதும் வாசிப்பது, சபையார் மனப்பாடமாக அறிந்த, இரண்டு பொருளையும் இன்னும் பிரியாமல் சுமக்கும் அந்தப் பழைய சொல்லைத்தான்.